கோடிட்ட இடத்தை எப்படி வாசிப்பது

கோடிட்ட இடத்தை வாய்விட்டு எப்படி வாசிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பார்வை கோட்டின் மேல் ஒரு நொடி நின்றுவிட்டுத் தாண்டிப் போய்விடும். என் வீட்டுக்காரருக்கோ நான் வாசித்துத்தான் ஆகவேண்டும். நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. முதல் நாள் "கோடு" என்று சொல்லியே வாசித்தேன். "தி மேன் கோடு கேம் எஸ்டர்டே" என்றதும், நேற்று வந்த மனிதர் பெயர் கோடா என்று கேட்டு அரை மணி நேரம் சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் தாண்டினால் கோடு எந்த இடத்தில் என்று புரியவில்லை. கடைசியில், கோடு வரும்போது விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவது என்று முடிவானது. தி மேன், டொக், கேம் எஸ்டர்டே. அதற்குப் பிறகு நான்கு விடைகள்: ஹூ, ஹூம், ஹூஸ், விச். அவர் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஐம்பதை நெருங்கும் வயதில் எங்களுக்கு எதற்கு இந்த இங்கிலீஷ் என்று கேட்கலாம். நாங்களும்தான் கேட்டோம்.

அவர் மின்சார அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பத்தொன்பது வருடமாக அதே போர்டு, அதே நாற்காலி. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, உரியவருக்கு இணைப்பு கொடுப்பது வேலை. அந்த வருடம் போர்டைக் கழற்றிவிட்டு, அவரவரே எண்ணை அழுத்திப் பேசிக்கொள்ளும் புது இயந்திரம் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். இவருக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். துறைத் தேர்வில் தேறினால் கீழ்த்தளத்தில் விசாரணைப் பிரிவில் உட்காரலாம். தேறாவிட்டால், பழைய போர்டு இன்னும் ஓடுகிற கிளை அலுவலகத்துக்கு மாற்றல். ரயிலில் எட்டு மணி நேரம்.

மாற்றல் என்றால் மற்றவர்களுக்குப் பெட்டி கட்டுவதுதான் தலைவலி. இவருக்கு அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், தனி ஆளாக விழுந்து எழுந்து இந்த ஊரைக் காலால் படித்தவர் அவர். வாசலிலிருந்து முதல் திருப்பத்துக்கு நாற்பத்திரண்டு அடி, ரொட்டிக் கடை வாசனை வந்ததும் இடது பக்கம், தபால் நிலையச் சுவர் முடியும் இடத்தில் சாக்கடை மூடி கொஞ்சம் தூக்கியிருக்கும். முழங்காலில் இரண்டு தழும்பு, நெற்றியில் ஒன்று, எல்லாம் அந்தப் படிப்புக்கான சான்றிதழ்கள். இப்போது அவர் கைத்தடியை வீசிக்கொண்டு அலுவலகத்துக்கும் முடிதிருத்தக் கடைக்கும் தனியாகப் போகிற அழகைப் பார்த்தால், கண் இருக்கிறவர்கள்தான் தடுமாறி ஒதுங்குவார்கள்.

மாற்றல் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னது ஒன்றுதான். "இன்னொரு ஊரைப் படிக்க என்னால முடியாதும்மா. அந்த வயசு போயிடுச்சு."

எனக்கும் இந்த ஊரில் ஒரு பிடிப்பு இருந்தது. சீருடை தைக்கும் ஒரு கம்பெனியில், பொத்தான் துளை போடும் காஜா மெஷின் என்னுடையது. சட்டைக்கு ஏழு காஜா, ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று கணக்குப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய தெருக்களுக்கு முன்னால் என் மெஷின் பெரிதில்லை.

தேர்வில் ஐந்து பகுதி, பகுதிக்கு இருபது கேள்வி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாவது எடுக்க வேண்டும். ஒன்றில் கோட்டை விட்டால் மொத்தமும் போச்சு. பார்வை இல்லாதவருக்குக் கேள்வியை வாசித்து, சொல்கிற விடையை எழுத ஓர் ஆளை அவர்களே தருவார்கள். அந்த ஆள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. நான்கு பகுதிகள் இவருக்குத் தண்ணிபட்ட பாடு. பத்தொன்பது வருடம் போனில் பேசிய இங்கிலீஷ் அது. ஐந்தாவதுதான் எமன். இந்த ஹூ, விச் வகையறா.

எனக்கு அந்தச் சொற்களைக் கண்டாலே எரிச்சல் வரும். நம் பேச்சில் வந்த ஆள் என்றால் வந்த ஆள்தான், வந்த என்பதும் ஆள் என்பதும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். மனிதருக்கு ஒரு தரகர், பொருளுக்கு ஒரு தரகர், இடத்துக்கு ஒருவர், சொந்தம் கொண்டாட ஒருவர். போதாக்குறைக்கு, அந்த மனிதர் பார்த்தாரா அல்லது அவரைப் பார்த்தார்களா என்று விசாரித்து, ஹூவுக்கு ஒரு வால் ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரணை எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

இருந்தாலும் உட்கார்ந்தோம். நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் ஆறு மணிக்கு ஆரம்பிப்போம். அன்றைக்கு வேண்டிய இருபது கேள்விகளுக்கும், தேர்வுக்காக வாங்கிய கைடின் கடைசிப் பக்கங்களில் விடை பார்த்து, பஸ்ஸில் வரும்போதே பென்சிலால் டிக் போட்டு வைத்துவிடுவேன். அப்போதுதான் அவர் சொல்லச் சொல்ல உடனே சரி, தப்பு என்று சொல்லலாம். விளக்கங்களையும் விடாமல் வாசித்துக் காட்டினேன். முதல் வாரம் ஒன்பது, பத்து. இரண்டாவது வாரம் பதினைந்து. ஒரு மாதம் கழிந்ததும் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தது. "பத்தொன்பது" என்று நான் கூவுவது மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும். கம்பெனியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் வீட்டுக்காரர் மார்க்கைச் சொல்லிச் சொல்லி, என்னைக் கண்டால் சூப்பர்வைசர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போக ஆரம்பித்தார்.

தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது என் தொண்டை கட்டிக்கொண்டது. துணிப் பஞ்சு உள்ளே போய்ப் போய்ப் புண்ணாகிவிட்டது, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி நிற்கக் கூடாதே என்று நாத்தனாரை வரச்சொன்னோம். அவரைவிட எட்டு வயது இளையவள், மருந்துக் கடையில் வேலை. பேச்சில் தேனும் கிடையாது, விஷமும் கிடையாது. மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்கிற மாதிரிதான் எதையும் படிப்பாள். மேசையைத் தட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். அவள் இருபது கேள்வியையும் வாசித்தாள். நான் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்து மார்க் போட்டேன்.

ஆறு.

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று மறுபடி எண்ணினேன். ஆறுதான். முந்தின நாள் பத்தொன்பது வாங்கியவர், சுலபமான கேள்விகளில்கூட இருட்டில் சாவி தேடுகிற மாதிரித் துழாவியிருந்தார். நாத்தனார் புத்தகத்தைப் புரட்டி என் டிக்குகளைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்க அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

"அண்ணி, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, ஊட்டி விட்டீங்களா?" என்றாள்.

அவள் போன பிறகும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. அவரே சொன்னார். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மொத வாரம் எனக்கே தெரியலை. காதுக்கு இங்கிலீஷ் பழகிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது. நாலையும் நீ வரிசையாச் சொல்லுவே இல்ல, எது சரியோ அந்த வார்த்தைகிட்ட வரும்போது உன் குரல் கொஞ்சம் உக்காந்துட்டுப் போகும். நான் அதைத்தான் எடுத்துச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

எங்கள் பதினைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குக் கத்த முடியாமல் போன ஒரே சண்டை அதுதான். டாக்டரை மனதில் திட்டிக்கொண்டே, காற்றாக வந்த குரலில், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் மேசை விளிம்பை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பத்தொன்பதுன்னு நீ சொல்லும்போது ஒரு மாதிரி சொல்லுவே, சின்னப் பொண்ணு மாதிரி. இத்தனை வருசமா நீ எங்கிட்டப் பேசினதெல்லாம் என்னன்னு யோசிச்சுப் பாரு. படி இருக்கு. சூடா இருக்கு. ஓரமா வாங்க. தப்புன்னு சொல்லலை, அது இல்லாம நான் எத்தனை தடவை விழுந்திருப்பேனோ. ஆனா இந்த ஒரு மணி நேரம் வேற மாதிரி இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரலை" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கைடைத் தூக்கி அவர் தலையில் போடவும் தோன்றியது. ஊரையே விட்டுப் போகிற நிலை வரும், அதற்கு மட்டும் மனசு வருகிறதா என்று கேட்டேன். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டோமா என்றுகூட நினைவில்லை. அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படி, சூடு, ஓரம். நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அதுவும் "சில்லறை சரியா இருக்கா" என்பதுதான்.

மறுநாள் கைடின் விடைப் பக்கங்களைக் கிழித்து நாத்தனாரிடம் கொடுத்தேன். விடை எனக்கே தெரியாவிட்டால் என் குரல் எதைக் காட்டிக்கொடுக்கும் என்பது என் கணக்கு. தொண்டை சரியானதும் புதிய பாடத்தைப் பிரித்தேன். அங்கேதான் வந்தது வினை. கேள்வியைப் பார்த்த உடனே எனக்கு விடை தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு விளக்கத்தையும் வாய்விட்டு வாசித்ததில், யாருக்காகப் படித்தோமோ அவரை விட்டுவிட்டு இங்கிலீஷ் எனக்குள் வந்து குடியேறிவிட்டது. இருபதுக்கு இருபது. வாழ்க்கையில் நான் எதிலும் முழு மார்க் வாங்கியதில்லை. வாங்கிய அன்றைக்கு அழுகைதான் வந்தது.

ஆக, வாசிப்பு முழுக்க நாத்தனார் கைக்குப் போனது. நான் அடுக்களையில் இருந்தேன். நாலாம் நாள் அங்கிருந்தும் துரத்தப்பட்டேன். சரியான விடை வரும்போது பாத்திரம் துலக்குகிற சத்தம் நிற்கிறதாம். அவரே காட்டிக்கொடுத்துவிட்டார். அது முதல் தினமும் ஒரு மணி நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன், வகுப்பில் பேசியதற்காக வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி. ஏழு. ஒன்பது. எட்டு. பதினொன்று. நாத்தனார் கதவைத் திறந்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். தேர்வுக்கு முந்தின நாள் பன்னிரண்டு என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, அதை அவள் அனுமதிக்கவில்லை.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். வாய்விட்டு வாசிக்க வேண்டியிருப்பதால் இவருக்குத் தனி அறை. எழுத வந்தவர் ஒரு நூலகர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட அம்மா. என்னைப் பார்த்து, வெளியே பெஞ்சில் உட்காரலாம் என்று மரியாதையாகச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள். ஆனால் கதவுக்கு மேலே இருந்த காற்று ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது எல்லாம் என் காதில் விழுந்தது.

நான்கு பகுதிகளையும் அவர் தெளிவாகச் சொல்லி முடித்தார். ஐந்தாவது ஆரம்பமானது. அந்த அம்மா கோட்டுக்கு "டேஷ்" என்று சொன்னார். நான் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முதல் பதின்மூன்றில் ஏழு சரி. பதினான்காவது கேள்வி. தி ஹவுஸ் டேஷ் வீ லிவ் ஹேஸ் டூ டோர்ஸ். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு கதவு. விச், வேர், ஹூஸ், ஹூம்.

வேர் என்று எனக்குத் தெரியும். அவர் பேசவில்லை. நூலகர் மறுபடியும் வாசித்தார். அவர் மறுபடியும் பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒரு இருமல் இருமினால் போதும். மூன்றாவது தடவை வாசிக்கும்போது, வேர் என்ற இடத்தில், சின்னதாக ஒன்று. பஞ்சு தின்ற தொண்டைக்கு இருமலுக்கா பஞ்சம்? ஆயிரம் பேர் இருமினாலும் அதில் என் இருமல் எது என்று அவருக்குத் தெரியும். மூச்சு தொண்டை வரை வந்து நின்றது. நூலகர் "தி ஹவுஸ்" என்று மூன்றாவது முறை ஆரம்பித்தார். நான் எழுந்தேன். நடந்தேன். தாழ்வாரம் முழுக்க என் செருப்பு பட்டுப் பட்டென்று அடித்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே போய், ஒன்றுமே கேட்காத தூரத்தில், ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதை நேர்மை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். அத்தனை நாள் என்னை அறியாமல் அவரை ஏமாற்றியிருக்கிறேன். இனி தெரிந்தே ஒரு தடவை செய்ய உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் அது சரியா என்று கேட்டால் எனக்கு நிச்சயமில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அலுவலகத்துக்கு என்னையும் வரச்சொல்லி, தாழ்வாரத்தில் வைத்துத் தாளை என் கையில் கொடுத்தார்கள். நான்கு பகுதிகளிலும் பதினேழுக்குக் குறையவில்லை. ஐந்தாவதில் பதினொன்று.

வாசித்து முடித்ததும் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்கள் கோப்புகளோடு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"பதினாலாவது கேள்வியில நீ எந்திரிச்சுப் போயிட்டே" என்றார்.

"கேட்டுச்சா?"

"செருப்புச் சத்தம். நான் உன் இருமலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"இருந்திருந்தா இருமியிருப்பேன். அதான் போனேன்." தாளை மடித்துப் பையில் வைத்தேன். "என்ன சொன்னீங்க அதுக்கு?"

"விச்."

அந்த ஒரு மார்க்தான் குறைந்தது. அதை நான் சொல்லத் தேவையும் இல்லாமல் போனது.

"எனக்கு உம்மேல கோபம்" என்றார். "ரெண்டு நாளைக்கு இருக்கும். அப்புறம் பேசலாம்."

சொன்னால் சொன்னபடி நடக்கிறவர். ஆனால் அந்தக் கோபம் ஒன்றரை நாள்தான் தாங்கியது. இரண்டாம் நாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் மெஷின் போகுதே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டார். அத்தனை நாள் நான் வாயைத் திறந்து சொல்லாததை அவரே எடுத்துக் கேட்டதும், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. அவர் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். சட்டை எங்கே கிடைத்தாலும் காஜா எடுக்க ஆள் வேண்டுமே என்று நானே எனக்கு ஆறுதலும் சொல்லிக்கொண்டேன். மாதக் கடைசியில் ரயில் ஏறினோம். நாத்தனார் வழியில் சாப்பிடப் பொட்டலமும், காய்ச்சலுக்கு, தலைவலிக்கு, வயிற்றுக்கு என்று எழுதி ஒட்டிய மாத்திரைகளும் கொண்டுவந்து கொடுத்தாள். அழமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ரயில் நகர்ந்ததும் கைக்குட்டையைத் தேடினாள்.

புது ஊரில் வீட்டிலிருந்து அலுவலகம் பதினைந்து நிமிட நடை. முதல் நாள் அரை மணி முன்னதாகவே கிளம்பினோம். வாசலில் நின்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"படி இருக்கு" என்றேன். பழக்கம்.

படி இறங்கினோம். அதற்குமேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் தெருவைப் பார்த்ததெல்லாம் எங்கே இடிக்கும், எங்கே வழுக்கும் என்றுதான். கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். வலது பக்கம் ஒரு டயர் கடை, இன்னும் திறக்கவில்லை, வெளியே அடுக்கின டயருக்குள்ளே ஒரு பூனை தூங்குகிறது. எதிர் மாடியில் ஒருத்தர் கண்ணாடியை ஆணியில் மாட்டிவைத்துச் சவரம் பண்ணுகிறார், பாதி முகம்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் கீழே யாரிடமோ சண்டை போடுகிறார். அதை அடுத்து ஒரு மஞ்சள் வீடு, மேலே ஒரு முழம் மட்டும் வெள்ளை, ஏணி எட்டவில்லை போல.

"பூனை என்ன கலர்?" என்றார்.

"சாம்பல். ஒரு காது கிழிஞ்சிருக்கு."

"ஏணி எட்டலைன்னா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கலாமே."

"சோம்பேறியா இருப்பான். உங்களை மாதிரி."

அவர் சிரித்தார். நான் பல் டாக்டர் பலகையில் வரைந்திருந்த பல்லைப் பற்றிச் சொன்னேன், பள்ளிக்கூட வேனைத் துடைக்கிற டிரைவர் தலையில் துண்டைக் கட்டியிருக்கும் விதத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் இன்னும் கண்ணில் பட்டது. தெருவின் பாதிக்கு வந்ததும் திடீரென்று நின்றுவிட்டார். என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அடி எண்ண மறந்துட்டேன்" என்றார். "மொதல்லேருந்து வரலாம்."

திரும்பி வீட்டு வாசலுக்கே போனோம். மறுபடி நடந்தோம். அப்போதும் எண்ண மறந்தார், அதற்குள் பூனை எழுந்து போயிருந்தது, அது எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பத்தொன்பது வருட வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவர், அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் தாமதம். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே புது அதிகாரி காரணம் கேட்டார். வழி தெரியாமல் தவறிவிட்டதாகச் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"இல்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "பேசிக்கிட்டே வந்துட்டோம்."